முதுகுக்குப் பின்னால் ஒரு கை

பதினாலு வருஷம் ஒருத்தனோடு ஃபுட்பால் ஆடியிருக்கிறேன். அவன் முகத்தைவிட முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். நான் கோல்கீப்பர். அவன் எனக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர். கீப்பருக்கும் ஸ்டாப்பருக்கும் இருக்கிற உறவு அப்படி. அவன் எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறான், தோள் எப்போது இறங்குகிறது, எந்த நிமிஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டால் இப்போதுகூடச் சொல்வேன்.

இதை எழுதச் சொன்னவனும் அவன்தான். "எழுது. ஆனா பேரு கீரு போட்டே, வூட்டுக்கு வந்து ஒதப்பேன்" என்றான். அதனால் அவன் பேர் இல்லை, என் பேர் இல்லை, எங்கள் ஆபீஸ் பேர் இல்லை. ராயபுரத்துக்காரன் என்பதை மட்டும் நான் மறைக்க முடியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். அவனுக்குப் பெண்கள்மேல் நாட்டம் கிடையாது. ஆண்களை விரும்புகிறவன். பேப்பரில் தன்பாலீர்ப்பு என்று எழுதுகிறார்கள். அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகள். எங்கள் ஏரியாவில் அதற்குப் புழங்குகிற வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அதையெல்லாம் சத்தமாகச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தன். அவன் அப்படி என்பது இந்த ஊரில் நாலு பேருக்குத்தான் தெரியும் என்று இந்தப் புத்தாண்டு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு பாஷை இருந்தது. கார்னர் வரும், ஃப்ரீ கிக் வரும், கூட்டம் கத்தும், என் தொண்டை கிழிந்தாலும் அவனுக்குக் கேட்காது, அவன் கத்தினால் எனக்கும் கேட்காது. அதனால் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்வான். விரல்களை விரித்திருந்தால், 'நீ கோல்லயே நில்லு, இது என்னுது' என்று அர்த்தம். கையை மூடி முஷ்டியாக்கினால், 'என்னால முடியல, நீ வெளிய வா'. பதினாலு வருஷத்தில் அந்த முஷ்டியை நான் பத்துத் தடவை பார்த்திருந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் விரித்த கைதான்.

என்ன ஆட்டம் ஆடுவான் தெரியுமா! பந்தைப் பார்க்கவே மாட்டான். வருகிறவனுடைய தோளைப் பார்ப்பான். தோள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே இவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். காலை வாருவது, சட்டையைப் பிடிப்பது, முழங்கையால் இடிப்பது எதுவும் கிடையாது. பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு வாழ்நாளில் ஒரு சிவப்பு அட்டை இல்லை. எனக்கு மூன்று. நாலாவது வந்திருக்கவேண்டியது. ஒரு செமி ஃபைனலில் ரெஃப்ரீ தப்பாக பெனால்டி கொடுத்தார். நான் அந்த ஆளை அடிக்கக் கிளம்பிவிட்டேன். இவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரெஃப்ரீயோடு அமைதியாகப் பேசிக்கொண்டே பின்னால் கையை விரித்துக் காட்டினான். நான் நின்றுவிட்டேன். என் வேலை போகாமல் இருந்ததற்கு அந்தக் கைதான் காரணம்.

ரெண்டு பேரும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காலையில் பிராக்டிஸ், மத்தியானம் மேஜை. இருபத்தாறு வயசில் அவனுக்குக் கோவாவிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஒப்பந்தம் வந்தது. சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டுப் போனான். எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தோம். அதில் அவன் போட்டோவைவிட ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள் போட்டோதான் பெரிதாக இருந்தது. அவன் டிவியில் ஆடுகிற அன்றைக்கு கேரம் கிளப்பில் போர்டுகளை எல்லாம் சுவரோரம் சாய்த்துவிட்டு நாற்பது பேர் தரையில் குந்திக்கொண்டு பார்ப்போம். "நம்மாளுடா! நம்மாளு!" என்று நான் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இந்திய அணி முகாமுக்கு அவனைக் கூப்பிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

மூன்றாவது சீசன் பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "முட்டி போச்சு மச்சான்" என்றான். நாலு வருஷம் அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்தவன் நான். கேரளாவுக்குப் போய் வாங்கி வந்த தைலம், நாறும். என் மனைவி கோயிலில் ஒன்பது நாள் ஜெபம் வைத்து, மெழுகில் செய்த கால் ஒன்றை வாங்கிப் போய் மாதா பாதத்தில் காணிக்கை வைத்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இப்போது புத்தாண்டு மேட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஜனவரி முதல் தேதி மத்தியானம், ராத்திரிப் பூசைத் தூக்கம் கலையாத கண்ணோடு ஒரு மேட்ச் ஆடுவோம். கல்யாணம் ஆனவர்களுக்குச் சிவப்பு பனியன், ஆகாதவர்களுக்கு வெள்ளை பனியன். மேட்ச் முடிந்ததும், போன வருஷத்தில் தாலி கட்டியவனை வெள்ளை பனியன்காரர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்து நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எறிவார்கள். சிவப்புக் கேப்டன் அவனுக்கு ஒரு சிவப்பு பனியனை மாட்டிவிடுவான். பிறகு பிரியாணி. அன்றைக்கு முதல் தட்டை அவன் பொண்டாட்டிதான் நடுக்கோடு வரைக்கும் கொண்டுவந்து அவன் கையில் கொடுக்கணும். ஊரே விசில் அடிக்கும். என்னை எறிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆபீசுக்கு லீவு போட்டேன்.

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவன் எனக்கு எதிர்ப்பக்கம். மைதானத்தில் அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்ப்பேன். ஆரம்பத்தில் நாங்கள் எல்லாருமே வெள்ளை. வருஷத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேராக இந்தப் பக்கம் வந்தோம். முப்பதில் அவன் செட்டில் அவன் ஒருத்தன்தான் மிச்சம். முப்பத்தைந்தில், வெள்ளை அணியில் அவனுக்கு அடுத்த பெரியவனுக்கு இருபத்தாறு வயசு. "இன்னா மாமு, சாமியாராப் போறியா? பூசைக்கு எப்பக் கூப்புடுவே?" என்பார்கள். "ஒனக்குத்தான் முதல் பாவசங்கீர்த்தனம், ரெடியா இரு" என்பான். எல்லாரும் சிரிப்போம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கோபமாக வரும். இவனுக்கு என்ன குறைச்சல் என்று கோபம்.

கோர்ட்டுத் தீர்ப்பு வந்த வருஷம் அது. ஆணும் ஆணும் விரும்பிச் சேர்ந்தால் குற்றம் இல்லை என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கேன்டீனில் சாப்பாட்டு வேளை. "டேய், இனிமே பஸ்ஸுல எவன் பக்கத்துல குந்துறோம்னு பாத்துக் குந்துங்கடா!" என்று நான் கத்தினேன். கேன்டீனே சிரித்தது. என் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனான். அதில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. பார்த்தேன், பார்த்துவிட்டு என் மீனைத் தின்றேன்.

அடுத்த வருஷம் நான் ஒரு வேலை செய்தேன். என் மனைவியின் தங்கைக்கு அப்போது இருபத்தொன்பது வயசு. எர்ணாவூரில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கெட்டிக்காரி, என்னைவிட வாய் ஜாஸ்தி. அவளுக்கு அவனைப் பிடிக்கும். நானே மாப்பிள்ளை கேட்டுப் போனேன். அவன் அம்மா, துறைமுகத்தில் வேலை பார்த்த புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவர்கள். என் ரெண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "நீ நல்லா இருப்பே நைனா." அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்மாவை ஒரு தடவை பார்த்தான். "சரிம்மா" என்றான். வெட்கம் என்று நினைத்தேன் நான். முதுகைப் படிக்கத் தெரிந்தவனுக்கு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், இதற்கு ஏதாவது விக்கினம் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பீடத்திலிருந்து படிப்பார்கள். மூன்று ஓலையும் முடிந்தால் தடை இல்லை.

முதல் ஓலை அன்று அவன் எனக்கு நாலு வரிசை முன்னால், தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் பேரைச் சாமியார் படித்தபோது வலது கை முதுகுக்குப் பின்னால் போனது. விரல்கள் மூடின. முஷ்டி. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "பாரு, காப்பாத்துன்றான்" என்று என் மனைவி காதில் சொன்னேன். அவளும் சிரித்தாள். கல்யாண பயம், யாருக்குத்தான் இல்லை!

அந்த வாரம் பிராக்டிஸில் பந்து அவன் காலுக்கடியில் போனது. இருபது வயசுப் பையன் ஒருத்தன் அவனைத் தாண்டி வந்து கோல் போட்டான். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ரெண்டாவது ஓலை. அதே தூண். கை பின்னால் போனது, மூடியது. இந்தத் தடவை சாமியார் படித்து முடித்து, ஆசீர்வாதம் கொடுத்து, ஜனம் கலைகிற வரைக்கும் அந்தக் கை திறக்கவே இல்லை. விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் வாசலில் அவனைப் பிடித்துக் கடலோரக் கல்லுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். காலை ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது. வலை காயப்போட்டிருந்தவர்களைத் தாண்டி, ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்தோம்.

"இன்னாடா பேஜாரு? சொல்லித் தொல."

கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராது மச்சான். எப்பவும் வந்ததில்ல."

"பின்ன யார் மேல வரும்?" என்றேன். அப்படியொரு மடையன் நான்.

"ஆம்பளைங்க மேல."

சட்டையைப் பிடித்துவிட்டேன். "எம் மச்சினிச்சி வாழ்க்கைதான் கெடச்சிச்சாடா ஒனக்கு?" அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. "அதுக்குத்தான் ஒன்ன கூப்ட்டேன். ரெண்டு வாரமாக் கூப்ட்டுகினே கீறேன். நீ கோலை வுட்டு வரல" என்றான்.

கையை எடுத்துவிட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான். கோவாவில் அவனுக்கு ஒரு சிநேகிதன் இருந்தானாம். கிளப் வீட்டில் கூடத் தங்கியிருந்தவன் ஒருத்தன் அதை மோப்பம் பிடித்துவிட்டான். பேச்சு டிரெஸ்ஸிங் ரூமுக்கு வருவதற்கு முன்னால், ஊருக்கு வருவதற்கு முன்னால், இவனே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். "முட்டிக்கு ஒண்ணும் ஆகல மச்சான். ஒங்கிட்டப் பொய் சொன்னேன். அன்னிக்கி கேன்டீன்ல நீ சொன்னதுக்கு நானும் சிரிச்சேன், ஞாபகம் கீதா?"

அழுதுவிட்டேன். கேன்டீனுக்காக அழுதேன். அந்த நாற்றத் தைலத்துக்கும், என் மனைவி வைத்த மெழுகுக் காலுக்கும் அழுதேன். இந்திய அணி முகாமை ஒருத்தன் எங்களைப்போல ஆட்களுக்குப் பயந்து விட்டுவிட்டு வந்திருக்கிறான், நான் அவன் முட்டியை நீவிக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"பெங்களூர், பம்பாய்னு எங்கனா போய்க் கீலாம் இல்ல?" என்று கேட்டேன்.

"போலாம். அம்மா இங்க கீது. கிரவுண்டு இங்க கீது. நீங்கல்லாம் இங்கதான். எனக்கு இங்கதான் இருக்கணும். யாரையும் கெடுக்காம, பொய் சொல்லாம இங்க இருக்க முடியுமான்னுதான் பாத்துகினு கீறேன். அம்மா மொகத்தப் பாத்து ஒரு தபா சரின்னுட்டேன். அது தப்பு."

என் மாமனார் வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். "வேணாம். நீ நில்லு. இது என்னுது" என்றான்.

அன்றைக்கே பஸ் ஏறி எர்ணாவூர் போனான். என்ன நடந்தது என்று மச்சினி பிற்பாடு எனக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் அவள் தனியாக இருந்தாளாம். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்கார்கிற ஸ்டூலில் உட்கார்ந்து, நாலே வரியில் எல்லாவற்றையும் சொன்னானாம். "ரெண்டு ஓலை படிக்கிற வரைக்கும் இந்தத் தைரியம் எங்க போச்சு?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "தப்புதான். ஒங்களுக்குத் தெரியணும். யார்கிட்டச் சொல்லணும்னாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றிருக்கிறான். பத்து வருஷமாகக் கட்டிக் காத்ததை அப்படியே எடுத்து அவள் கையில் வைத்துவிட்டான். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டாளாம். "ஒங்க மாமாவுக்கு." "அய்யோ, அந்த வாயை யாரு மூடறது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாளாம். இன்றுவரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகவில்லை.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அவனே சாமியாரிடம் போய் நிறுத்தச் சொல்லிவிட்டான். பிறகு என் மாமனார் வீட்டுக்கு வந்தான். பத்துப் பேர் இருந்தார்கள். நடுக்கூடத்தில் நின்று, "பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. குறை எம்பக்கம். இன்னான்னு கேக்காதீங்க" என்றான். என் மனைவியின் சித்தப்பா எழுந்து வந்து அவன் கன்னத்தில் அறைந்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்தேன். அவன் பின்னால்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் கை முதுகுக்குப் பின்னால் வந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன. ரெண்டாவது அறையும் விழுந்தது. அந்த விரல்கள் மடங்கவே இல்லை. எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்களை டிவியில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த ஆட்டத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கோவாவில் அவனுக்கு ஒரு பொண்டாட்டி வந்துவிட்டாள். திங்கட்கிழமை அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புதன்கிழமை அந்தக் குழந்தை எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டது. மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு அம்மா என்னிடமே, "பாப்பா அப்பன மாதிரியே நெறமாம், நெசமா?" என்று கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய சாதனை அது. ஊர்க் கோபமெல்லாம் இல்லாத கோவாக்காரி மேல் போனதால் மச்சினிக்கு ஒரு கெட்ட பேரும் இல்லை. ரெண்டு வருஷம் கழித்து நல்ல இடத்தில் அவள் கல்யாணம் நடந்தது. பந்தியில் பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இவன்தான்.

ஓலை நின்ற அடுத்த புத்தாண்டு மேட்ச் முடிந்ததும் வெள்ளைப் பையன்கள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். "கோவா மாப்ள, வா, ஒன்ன எறியணும்!" தூக்கியேவிட்டார்கள். நான் சிவப்புக் கேப்டன், கையில் பனியனோடு நின்றுகொண்டிருக்கிறேன். போட்டுக்கொண்டால் அதோடு கேலி முடிந்துவிடும், போட்டுக்கொள்ளடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவன் திமிறி இறங்கினான். "எனக்குப் பொண்டாட்டி எங்கயும் கெடையாது. இது எனக்கு வேணாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, வெள்ளைப் பக்கமே திரும்ப நடந்தான். மைதான ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஏன்டா என்று கேட்டேன். "ஊரு பேசுறது ஊரோட பொய். அத நானே மாட்டிக்கினா அது எம்பொய்" என்றான்.

பிறகும் வருஷா வருஷம் வெள்ளையில் ஆடினான். அவனிடம் ஃபுட்பால் கற்றவர்களே ஒவ்வொருத்தராகக் கல்யாணமாகிச் சிவப்புக்கு வந்தார்கள். அவர்களை அவனே தூக்கி எறிந்தான்.

இப்போது அவன் மாத்தூரில் குடியிருக்கிறான். கூட ஒருத்தர் இருக்கிறார், மீஞ்சூர்ப் பக்கம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்க்கிறவர். வீட்டு ஓனருக்கு அவர்கள் வாடகையைப் பகிர்ந்துகொள்கிற ரெண்டு பேர், அவ்வளவுதான். என் மனைவியிடம் அவனே விஷயத்தைச் சொல்லியிருந்தான். ஒரு தடவை என்னையும் அவளையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீன் குழம்பு வைத்தவன் நம்மாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள் என் மனைவி. "தெனமும் நானும் சொல்றேன்கா, காதுலயே போட்டுக்க மாட்டான்" என்று மீஞ்சூர்க்காரர் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த அலுப்பு. என் வீட்டில் தினமும் கேட்பது. திரும்பி வரும்போது என் மனைவி, "நல்லாத்தான் குடும்பம் நடத்துறாங்க" என்றாள்.

அவன் அம்மா ராயபுரம் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பேச்சை எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து போகும்போது வறுத்த மீனை டப்பாவில் கட்டிக்கொடுப்பார்கள். சில வருஷமாக அது ரெண்டு டப்பாவாகிவிட்டது. பசிக்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

இந்தப் புத்தாண்டுக்கு அவனுக்கு நாற்பத்திரண்டு வயசு. முட்டி இப்போது நிஜமாகவே போய்விட்டது. அந்தக் கேரளாத் தைலம் கடைசியில் வேலைக்கு வந்தது. மேட்சில் இருபது வயசுப் பையன்களோடு ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு ஆடினான். எங்கள் ஆள் ஒருத்தன் தனியாகப் பந்தோடு ஓடினான். நிச்சயம் கோல் என்று நான் இந்தக் கோடியிலிருந்து கத்திவிட்டேன். எங்கிருந்தோ வந்து, மேலே படாமல், பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். பாவி, கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டான்.

விசில் அடித்ததும் நடுக்கோட்டுக்கு வந்தான். வெள்ளைப் பையன்கள் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இதோட முடிச்சிக்கிறேன்பா. இனிமே ஆட மாட்டேன்" என்றான். பையன்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெள்ளையிலிருந்து வெளியேற ஒரே வழி கல்யாணம்தான். வயசாகி வெளியேறியவன் எங்கள் மைதானத்தில் இதுவரை கிடையாது. "எங்க மாமு எறியறது ஒன்ன? கோவாவுக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மேட்ச் பார்க்க வந்து, தண்ணீர் டிரம் பக்கத்தில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த மீஞ்சூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

நான் கோலில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கை பின்னால் போவது தெரிந்தது. விரிந்த கை வரும் என்று நினைத்தேன், எப்போதும் வருகிற மாதிரி. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. முஷ்டி.

ஓடினேன். தொப்பையைத் தூக்கிக்கொண்டு கோலிலிருந்து நடுக்கோடு வரைக்கும் ஓடினேன். கொடுக்கிறதுக்கு வேறு பனியன் இல்லை. போட்டிருந்த சிவப்பு பனியனைக் கழற்றினேன். "தூக்கி இந்தப் பக்கம் எறிங்கடா அவன!"

"மாமுக்குத்தான் கல்யாணமே ஆவலியே?"

"எறிங்கடான்றேன்!"

"அப்ப கோவா மேட்டரு நெசந்தானா?"

"வாய மூடிக்கினு எறி!"

எறிந்தார்கள். நான் பிடித்தேன். எத்தனையோ சுலபமான பந்தை விட்டிருக்கிறேன், இவனை விடவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து மண்ணில் விழுந்தோம். அவன் காதில் மட்டும் கேட்டேன்: "இது பொய்யில்லியே?"

"இல்ல மச்சான்" என்றான். பனியனைத் தலைவழியாக மாட்டினான். "கலீஜ், ஒரே வேர்வ நாத்தம்" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். மைதானமே "கோவா! கோவா!" என்று கத்திக்கொண்டிருந்தது. கத்தட்டும்.

அண்டாவைத் திறந்துவிட்டார்கள். முதல் தட்டு யார் கொடுப்பது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, பொண்டாட்டிதான் கோவாவில் இருக்கிறாளே. அவன் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். பிரியாணியைத் தன் கையாலேயே தட்டில் வைத்து, மேலே ஒரு முட்டையும் வைத்தார்கள். நடுக்கோட்டுக்குத்தான் வரப்போகிறார்கள் என்று நான் வழிவிட்டு நின்றேன். வரவில்லை. தண்ணீர் டிரம் பக்கம் போனார்கள். மீஞ்சூர்க்காரரின் ஈரக் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அந்தக் கையில் தட்டை வைத்தார்கள்.

"நீ போய்க் குடுத்துட்டு வா நைனா."

அவர் தட்டையும் அந்த அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பருக்கை சிந்தாமல் நடுக்கோடு வரைக்கும் நடந்து வந்தார்.